ஃபேனுக்குப் பக்கத்து நாற்காலி

கல்லிடைப்பொண்ணு | மே 4, இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருஷமாக இந்த மாற்றுத்திறனாளிகள் குழுவில் வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 19 வயது. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கிராமம். பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம், சி.பி. என்று சொல்வார்களே, அது. இரண்டு காலும் விறைப்பாக இருக்கும், வாக்கர் பிடித்து நடப்பேன். வலது கை மெதுவாகத்தான் வேலை செய்யும். பேச்சு கொஞ்சம் குழறும், பழகினவர்களுக்குப் புரியும். ஜூனில் பாளையங்கோட்டையில் பி.காம். சேரப் போகிறேன்.

போன வாரம் பெரியப்பா மகள் கல்யாணம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் மொத்தம் 11 பேர். ஒருத்தி வாசலில் சந்தனம், கல்கண்டுத் தட்டோடு நின்றாள். இரண்டு பேர் பந்திக்கு இலை போட்டார்கள். எட்டு வயதுப் பொடியனுக்குக்கூட தாம்பூலப் பையில் தேங்காய் போடுகிற வேலை இருந்தது. என்னை மட்டும் மாமா கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஃபேனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். "நீ இங்கனயே இரு தாயி, ஒனக்கு ஒரு வேலையும் கெடையாது." அன்பாகத்தான் சொன்னார். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவள் மதியம் இரண்டு மணிக்கு எழுந்தேன். நடுவில் மூன்று தடவை ஜூஸ் வந்தது. பழைய டீச்சர் ஒருத்தர் வந்து கன்னத்தைத் தட்டி, "எப்பவும் இப்படியே சிரிச்ச முகமா பாசிட்டிவா இருக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். யாரும் ஏதும் சொன்னார்களா என்று அம்மா கேட்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதனால்தான் அழுகை வந்தது, அதை அவளிடம் எப்படிச் சொல்ல?

என் மாற்றுத்திறனாளி அட்டையில் 70 சதவீதம் என்று போட்டிருக்கிறது. ஊரில் நான் 'பாவம் அந்தப் பிள்ளை'. பள்ளி ஆண்டுவிழாவில் 'தன்னம்பிக்கைக்கு எடுத்துக்காட்டு' என்று பொன்னாடை போட்டார்கள். இந்த மூன்றில் எதைப் பார்த்தாலும் எனக்கு என்னைத் தெரியவில்லை. நீங்களெல்லாம் 'நான் இன்னார்' என்று எப்போது உணர்ந்தீர்கள்? எந்த வயதில்? எப்படி?


அம்பை அண்ணாச்சி | மே 4, இரவு 11.15

மகளே, உன் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு 54 ஆகிறது. ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. எங்கள் தெருவில் மட்டும் அந்த வருஷம் மூன்று பிள்ளைகளுக்கு வந்தது. 2014-இல் இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டது என்று அறிவித்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்தேன். சந்தோஷமா துக்கமா என்று இன்னைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

எங்கள் தெருவில் என் பேரில் நாலு பேர். கடைக்காரர் மகன், சிவப்பன், கோயில் வீட்டுக்காரன், அப்புறம் நொண்டி. பேருக்கு முன்னால் அது ஒட்டிக்கொண்டே வரும். கூப்பிடுகிறவர்களுக்கு அதில் கெட்ட எண்ணமே இருக்காது, அடையாளத்துக்குச் சொல்வார்கள். நானும் 'என்ன?' என்று திரும்பிப் பார்ப்பேன். அப்படித் திரும்பிப் பார்த்ததுதான் பின்னால் ரொம்ப வலித்தது.

நீ கேட்டதற்கு வருகிறேன். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்போது நாங்கள் உங்கள் ஊரில்தான் இருந்தோம். எதிர்வீட்டு ஆச்சி அப்பளம் போடுகிறவள். உளுந்துமாவில் பிரண்டைச் சாறும் அப்பளக்காரமும் சேர்த்து உரலில் போட்டு இரண்டு பேர் மாற்றி மாற்றி இடிப்பார்கள். தெருவே அந்த வாசனையாக இருக்கும். நான் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஒருநாள் ஆச்சி ஒரு சுளகு நிறையக் காய்ந்த அப்பளத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "ஏல, சும்மாதான இருக்க. நூறு நூறா எண்ணி அடுக்கு. ஒடஞ்சத தனியா வையி."

எண்ணினேன். காய்ந்த அப்பளத்தை அழுத்திப் பிடித்தால் விரிசல் விடும். பிடிக்காவிட்டால் வழுக்கும். இரண்டு விரலை அடியில் கொடுத்துத் தூக்கணும். சாயங்காலம் ஆச்சி ஒரு கட்டைப் பிரித்து எண்ணினாள். 97 இருந்தது. பிடித்துக்கொண்டாள். "கண்ண எங்கல வச்சிருந்த? மூணு அப்பளத்துக்கு யாருல பதில் சொல்லுவா? கூறுகெட்ட பய." தெருவே கேட்கும்படி திட்டு. அதுவரைக்கும் என்னை யாரும் அப்படித் திட்டினதே கிடையாது. மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற திட்டு, சுத்தமான திட்டு, காலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எண்ணத் தெரியாதவன் என்று திட்டினாள். ராத்திரி படுத்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆச்சி கூப்பிடுவதற்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த எண்ணிக்கைதான் என் வாழ்க்கை. பின்னால் அம்பாசமுத்திரத்தில் ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதப் போனேன். 28 வருஷம் ஆகிவிட்டது. ஏ.எஸ்.டி. 16 நெல் எத்தனை மூட்டை வந்தது, அரவைக்கு எத்தனை போனது, தவிடு எவ்வளவு, எல்லாம் என் கையில். இப்போ ஊரில் நான் 'மில்லுக் கணக்கர்'. யாரும் கூட்டம் போட்டுப் பேரை மாற்றவில்லை. மூட்டைக் கணக்குக்கு ஆள் தேடி வந்தவர்கள் வாயிலிருந்து அதுவாக மாறியது.

இதையும் சொல்லிவிடணும். ஐப்பசி மழையில், காலில் மாட்டி நடக்கிற காலிப்பரின் தோல்வார் நனைந்து ஊறி, தொடையில் புண்ணாகி, ஒரு வாரம் எழுந்திருக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததும் உண்டு. அந்த வாரங்களில் யாராவது வந்து சிரிச்ச முகமா இரு என்றால் கதவைச் சாத்தச் சொல்லிவிடுவேன். படுத்திருந்தவனும் நான்தான். அவனை வெளியே தள்ளிவிட்டுத் தைரியசாலி வேஷம் போட எனக்கு மனசு வரவில்லை.


பேட்டை வாசகன் | மே 5, காலை 6.30

அண்ணாச்சி, 'சுத்தமான திட்டு' என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வேறு எழுத ஒன்றும் இல்லை.


புள்ளியெழுத்து | மே 5, மதியம் 1.20

நான் பிறவியிலேயே பார்வையில்லாதவள். இப்போது அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. போனில் குரல்வழியாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வயதில் என்னைப் பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி விடுதியில் கொண்டுவிட்டார்கள். 1890-இல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி. அம்மா அழுதுகொண்டே போனாள். நானும் ஒரு வாரம் அழுதேன். அதற்கப்புறம் அழ நேரம் இல்லை. தட்டை நானே கழுவணும், பாவாடையை நானே அலசிக் காயப்போடணும், வாரத்தில் ஒருநாள் தண்ணீர்க் குடத்தை நிரப்புகிற முறை. வீட்டில் சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் கொடுத்து வளர்த்த பிள்ளை நான்.

பிரெயில் எழுதுகிற ஸ்லேட்டும் ஸ்டைலஸும் தெரியுமா உங்களுக்கு? இரண்டு தகட்டுக்கு நடுவே தடித்த தாளை வைத்து, சின்ன ஆணி மாதிரி ஒன்றால் குத்தி எழுதுவோம். வலமிருந்து இடமாகக் குத்தணும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் இடமிருந்து வலமாகப் புடைத்து நிற்கும். ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிகள் வரை இடம் உண்டு. 'அ'வுக்கு ஒரே ஒரு புள்ளிதான். நாற்பது பேர் ஒரே நேரத்தில் குத்தும்போது ஓட்டுக் கூரையில் தூறல் விழுகிற சத்தம் மாதிரி இருக்கும். என் பேரை நானே குத்தி, தாளைத் திருப்பி, ஆள்காட்டி விரலால் தடவி வாசித்த அன்று அந்தத் தாளை மடிக்காமல் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். மடித்தால் புள்ளி அமுங்கிவிடுமே என்ற பயம்.

அண்ணாச்சி சொன்னதோடு எனக்கு ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. வேலை கொடுத்தார்கள் என்பது மட்டும் என்னை ஆளாக்கவில்லை. என்னைப் போல இன்னும் நூறு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததுதான் முதலில். அங்கே பார்வை இல்லாதது ஒரு செய்தியே கிடையாது. யார் நன்றாகப் பாடுவாள், யார் கோள் சொல்வாள், யார் எண்ணெய் திருடுவாள் என்பதுதான் பேச்சு. நான் அங்கே 'வாயாடி'. அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் மறுபடி விருந்தாளி. நான் தட்டைக் கழுவ எழுந்தால் பாட்டி பதறிப் பிடுங்குவாள். இரண்டு மாதத்துக்கு வாயாடி இருக்க மாட்டாள், பாவம் பிள்ளை மட்டும்தான்.

கல்லிடைப்பொண்ணு, உன் பள்ளியில் உன்னைப் போல வேறு யாரும் இருந்தார்களா?


கல்லிடைப்பொண்ணு | மே 5, இரவு 8.05

இல்லை அக்கா. 12 வருஷமும் சாதாரணப் பள்ளிதான். என் வகுப்பில் 60 பேர், அதில் நான் ஒருத்தி. தோழிகள் நல்லவர்கள், பையைத் தூக்கி வருவார்கள். ஆனால் கால் இழுத்துப் பிடிக்கும்போது ராத்திரி எப்படி இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருத்தர்கூடக் கிடையாது. மற்றவர்களுக்கும் அப்படி இருக்கும் என்பதையே இந்தக் குழுவில் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.


நெல்லைத்தம்பி | மே 6, காலை 7.45

மாற்றுக் கருத்து சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். எனக்கு வலது கை பிறவியிலேயே முழங்கைக்குக் கீழ் இல்லை. 'பாசிட்டிவா இரு' என்று சொல்கிறவர்களை இப்படித் தள்ளிவிட வேண்டாம் என்று தோன்றுகிறது. 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் சேலத்து மாரியப்பன் உயரம் தாண்டித் தங்கம் வாங்கியபோது எனக்கு 12 வயது. ஐந்து வயதில் காலில் பஸ் ஏறி முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனவர். அதற்கப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். அவர் படத்தை அலமாரியில் ஒட்டி வைத்துத்தான் நான் படித்தேன். அந்த நம்பிக்கை பொய் இல்லை.


அம்பை அண்ணாச்சி | மே 6, இரவு 10.30

கோபம் எதற்கு தம்பி? அவர் படம் எங்கள் மில்லிலும் இருக்கிறது. ஆனால் அவர் கதையில் ஓர் ஆளை விட்டுவிட்டாய். பள்ளியில் இருந்த விளையாட்டு ஆசிரியர். இந்தப் பையனுக்கு எதற்கு என்று ஓரமாக உட்கார வைக்காமல் அவர்தான் உயரம் தாண்டச் சொன்னார். நம் பக்கத்து ஆய்க்குடியையும் பார். ராமகிருஷ்ணன் ஐயா 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் சொந்த ஊரிலேயே மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கம் தொடங்கினார். அந்தப் பெயரே அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர் அமர்ஜித் சிங்கின் நினைவாக வைத்தது. 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அவரோடு தோள் கொடுத்து நிற்கிற சங்கரராமன் ஐயா தசைச்சிதைவு நோய் உள்ளவர், ஆடிட்டர். இப்படிப்பட்டவர்களை மேடையில் பார்த்துக் கைதட்டுகிறோம். அவர்கள் மேடைக்கு வெளியே தினமும் பார்த்த வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.


விரல்மொழி | மே 8, மாலை 5.10

எனக்குக் காது கேட்காது. தமிழ் எனக்கு இரண்டாவது மொழி. என் முதல் மொழி சைகை. வாக்கியம் தப்பு இருக்கலாம்.

எனக்கு வீட்டில் வைத்த பேர் உண்டு. ஆனால் பத்து வயது வரை அந்தப் பேர் எனக்குத் தெரியாது. காதில் விழவில்லை. தோளில் தட்டுவார்கள், நான் திரும்புவேன், அவ்வளவுதான். ஊரில் ஊமை என்று சொல்வார்கள் என்பதும் பெரியவன் ஆன பிறகுதான் தெரியும்.

பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் அம்மையார் 1890-களில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் சேர்ந்தேன். முதல் நாள் சாயங்காலம் பெரிய பையன்கள் ஐந்து பேர் என்னைச் சுற்றி நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. மாமரத்தில் இருந்து விழுந்தது. ஒருவன் இரண்டு விரலால் தன் புருவத்தை வெட்டுவது போலக் காட்டினான். பிறகு என்னைக் காட்டினான். எல்லாரும் செய்தார்கள். நானும் செய்தேன். அதுதான் என் பேர். இன்றைக்கு வரை அதுதான். எங்களில் எல்லாருக்கும் இப்படிச் சைகைப் பேர் இருக்கும். நாமே வைத்துக்கொள்ள முடியாது, மற்றவர்கள் பார்த்து வைக்கணும்.

இப்போது டவுனில் அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன். போன வருஷம் அம்மா வீடியோ காலில் வந்தாள். அம்மாவுக்கு 61 வயது. சைகை தெரியாது. என் தங்கை சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அம்மா இரண்டு விரலால் தன் புருவத்தை வெட்டினாள். அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு 33 வயது.


சேரை அம்மா | மே 9, இரவு 11.50

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். என் மகனுக்கு எட்டு வயது, சி.பி. சேரன்மகாதேவியில் இருக்கிறோம். வாராவாரம் பிசியோவுக்குக் கூட்டிப் போகிறேன், ஒருநாள் தவறாது. ஆனால் இந்த இழையை வாசித்த பிறகு கைகால் ஓடவில்லை. ஃபேனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்த ஆள் நான்தான். 'யார் செய்த பாவமோ' என்று மாமியார் சொல்வார்கள். அந்த வார்த்தை பிள்ளை மேல் விழக்கூடாது என்று எல்லாவற்றையும் நானே செய்துவிடுகிறேன். கல்லிடைப்பொண்ணு, என்ன வேலை கொடுப்பது? தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் பாதி கீழே போகிறது. பார்க்க முடியவில்லை அம்மா.


கல்லிடைப்பொண்ணு | மே 10, காலை 5.55

அக்கா, அழாதீர்கள். என் அம்மாவும் உங்களைப் போலத்தான், அவள் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

கொட்டட்டும். டம்ளர் வேண்டாம், அடி அகலமான சொம்பு கொடுங்கள், பாதி ஊற்றிக் கொடுங்கள். எனக்குச் சில்வர் டம்ளர் வழுக்கும், பித்தளைச் செம்பு கனமாக இருப்பதால் கை ஆடுவது குறையும். தம்பிக்கு எது சரிப்படும் என்று அவன் கைக்குத்தான் தெரியும். பூண்டு உரிக்கக் கொடுங்கள், ஒரு மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை. ஒன்றே ஒன்று, 'சீக்கிரம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவசரப்படுத்தினால் எங்களுக்குத் தசை இன்னும் இறுகும், செய்ய வேண்டும் என்று நினைக்க நினைக்கக் கை நம் பேச்சைக் கேட்காது. வேலை முடியவில்லையே என்று பாதியில் வாங்கிக்கொள்ளாதீர்கள். அப்படி வாங்கும்போது எங்கேயோ உள்ளே சுருக்கென்று இருக்கும்.

அப்புறம், யாராவது "தம்பி பேர் என்ன?" என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவன் சொல்லி முடிக்கும் வரை நில்லுங்கள். பஸ்ஸில் கண்டக்டர் என் பக்கத்தில் நின்றுகொண்டு அம்மாவிடம், "இவங்க எங்க எறங்கணும்?" என்பார். போன மாதம் முதல்தடவையாக அம்மா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "வண்ணார்பேட்டை" என்கிற ஒரு வார்த்தையை முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் காத்திருந்தார், சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். இறங்கும்போது, "பாத்து எறங்குங்க" என்று என்னிடமே சொன்னார்.

எனக்கு எழுதும்போதே ஒன்று தோன்றுகிறது. இதுவரை என்னிடம் யாரும் இப்படி யோசனை கேட்டதில்லை.


கொக்கிரகுளம் வக்கீல் | மே 11, காலை 10.15

கல்லூரி சேருகிற பிள்ளைக்கு இரண்டு விஷயம். அட்டையில் உள்ள 70 என்பது உடலுறுப்பின் செயல்பாட்டைப் பற்றிய மருத்துவக் கணக்கு, ஆளைப் பற்றியது இல்லை. ஆனால் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, 2016 சட்டத்தில் 21 ஆனது. 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு அரசு மற்றும் அரசு உதவிபெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீதம். தேர்வுக்குக் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் வேண்டும் என்று முதல் மாதமே எழுதிக் கொடுத்துவிடு, பரீட்சை சமயத்தில் ஓடாதே. 2025 ஏப்ரலில் நம் சட்டமன்றம் உள்ளாட்சிகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டம் கொண்டுவந்ததே, அதுவும் இந்த இழையில் பேசுகிற விஷயம்தான். கூட்டத்தில் நாற்காலி போட்டுக் கருத்துக் கேட்கிறார்கள்.


கல்லிடைப்பொண்ணு | செப்டம்பர் 9, இரவு 9.20

இந்த இழை யாருக்காவது நினைவிருக்கிறதா? கல்லூரி சேர்ந்துவிட்டேன். முதல் மாதமே எழுதிக் கொடுத்துவிட்டேன் வக்கீல் சார்.

ஆவணியில் அண்ணன் கல்யாணம். பத்து நாளைக்கு முன்னாலேயே அப்பாவிடம் கேட்டேன், "எனக்கு என்ன வேலை?" மாமா உடனே, "பிள்ளையப் போட்டுக் கஷ்டப்படுத்தாதீங்க அத்தான்" என்றார். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மொய் வாங்க ஆள் வேணும்லா, கணக்குப் படிக்கிற பிள்ளதான" என்றார்.

சித்தப்பா மகன் நோட்டில் எழுதினான், நான் பணம் வாங்கி எண்ணித் தகரப் பெட்டியில் போட்டேன். இடது கையால் எண்ணினால் எனக்கு வேகம் வரும், அதனால் மேசையை இடப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னேன். வாக்கரை நாற்காலிக்குப் பின்னால் மடக்கி வைத்தேன். எட்டு மணிக்கு வரிசை நீண்டுவிட்டது. முன்னால் நின்றவர் ஒருத்தர் தயங்கி, "பணம் வாங்குத ஆள் வேற யாரும் இல்லியா?" என்றார். தம்பி நிமிர்ந்தே பார்க்காமல், "பணத்த அக்காட்ட குடுங்க" என்றான். கை இறுகி ஒரு கட்டு நோட்டு கீழே விழுந்தது. இரண்டு பேர் குனிந்தார்கள், நானும் குனிந்தேன், பொறுக்கி மறுபடி எண்ணினேன்.

மதியம் கணக்கு முடித்தால் 501 ரூபாய் குறைகிறது. எல்லார் முன்னாலும் அப்பாவுக்குக் கோபம். "ஒழுங்காப் பாத்து வாங்க மாட்டியாட்டி? பெட்டிய வச்சிக்கிட்டு என்ன வேடிக்க?" மாமா அவரைத் தடுக்க வந்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அம்பை அண்ணாச்சி, அப்போது உங்கள் ஆச்சியைத்தான் நினைத்துக்கொண்டேன். முகம் சுட்டது, கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனாலும் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கத் தோன்றவில்லை.

நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீரவநல்லூர் மாமா இரண்டு வீட்டுக்குச் சேர்த்து இரண்டு கவர் கொடுத்தது நினைவு வந்தது. ஒன்று மஞ்சள் கவர். நோட்டில் இரண்டும் பதிந்திருக்கிறது. வெற்றிலைத் தட்டைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் கவர் அதன் அடியில் பிரிக்காமல் இருந்தது.

அந்த நோட்டு இப்போது என் அலமாரியில்தான் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டாள், "ஏட்டி, வாற வியாழக்கிழம களக்காட்டுச் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். அவாள் நமக்கு எவ்வளவு வச்சிருக்காவ?"

எடுத்துப் பார்த்தேன். ஆயிரத்து ஒண்ணு.